பயணிகளின் கனிவான கவனத்திற்கு

(நாளமில்லாச் சுரப்பிகள் பற்றி, கிழக்குத் தாம்பரத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறி இறங்கித்தான் வந்திருப்பீர்கள். அந்த நிலையத்தையே இன்றைக்கு என் கரும்பலகையாக வைத்துக்கொள்ளப் போகிறேன். முப்பது வருடம் உடலியங்கியல் சொல்லிக் கொடுத்தவன் நான். படம் வரைந்து விளக்கியதைவிட நடைமேடையைக் காட்டி விளக்கியதுதான் பிள்ளைகள் மனதில் நின்றது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கி ஆரம்பிக்கிறது. செங்கல்பட்டு செல்லும் வண்டி இன்ன நடைமேடைக்கு வருகிறது என்கிறது. அந்தக் குரல் எல்லா நடைமேடையிலும், படிக்கட்டிலும், டிக்கெட் வரிசையிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது. ஆனால் யார் எழுந்திருக்கிறார்கள்? கடற்கரைக்குப் போகிறவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பூக்கட்டும் அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. செங்கல்பட்டுக்காரர்கள் மட்டும் பையைத் தோளில் மாட்டுகிறார்கள்.

நம் உடம்பில் அந்த அறிவிப்புக்குப் பெயர் ஹார்மோன். அதை ஊரெல்லாம் கொண்டுபோகும் ஒலிபெருக்கி, ரத்தம். உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வாய்க்குள் திறக்கும் குழாய் உண்டு. வியர்வைச் சுரப்பிக்குத் தோலில் துளை உண்டு. பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரீனல் போன்றவற்றுக்குக் குழாயே கிடையாது. சுரந்ததை நேராக ரத்தத்தில் விட்டுவிடுகின்றன. அதனால்தான் தமிழில் நாளமில்லாச் சுரப்பி என்கிறோம். ரத்தம் போகாத உறுப்பு இல்லை. ஆகவே ஹார்மோன் எல்லா செல்லின் வாசலுக்கும் போகிறது. எந்த செல்லில் அதற்குரிய ஏற்பி இருக்கிறதோ, அது மட்டும் எழுந்திருக்கிறது. ஏற்பி என்பதைக் காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். எழுந்தவர்கள் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வண்டி வருகிறது என்றதும் பயணி ஓடுகிறார். டீக்கடைக்காரர் நாலு டம்ளரை வரிசையாக வைக்கிறார். போர்ட்டர் தலைத்துண்டைச் சுருட்டுகிறார். சேலையூர்த் தெருவில் ராத்திரி பத்து மணிக்கு நாய் துரத்துகிறது என்று வையுங்கள். அட்ரீனல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் கிளம்புகிறது. இதயம் வேகமெடுக்கிறது. மூச்சுக்குழல் விரிகிறது. கல்லீரல் சேமித்த சர்க்கரையை அவிழ்த்து விடுகிறது. குடலோ, சாப்பாட்டை அப்புறம் பார்க்கலாம் என்று வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அறிவிப்பு ஒன்றுதான், காது வேறு, வேலை வேறு.

செய்தி ரத்தத்தின் வழியாகப் போகிறது என்ற உண்மை ஒரு நாயின் குடலிலிருந்துதான் வெளிவந்தது. 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்று இரண்டு பேர். உணவோடு அமிலம் சிறுகுடலுக்குள் வந்ததும் கணையம் எப்படிச் சுரக்க ஆரம்பிக்கிறது என்பது கேள்வி. நரம்பு வழியாகத்தான் செய்தி போகிறது என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். இவர்கள் குடலின் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அதற்குள் அமிலத்தை விட்டார்கள். கணையம் சுரந்தது! கம்பியை வெட்டின பிறகும் தொலைபேசி அடிக்கிறது என்றால், செய்தி வேறு வழியாகப் போகிறது என்றுதானே அர்த்தம்? குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி ரத்தத்தில் செலுத்தினார்கள். மறுபடியும் கணையம் சுரந்தது. அந்தப் பொருளுக்குச் செக்ரடின் என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1905-இல், ஸ்டார்லிங் இப்படிப்பட்ட பொருட்களுக்கெல்லாம் பொதுப்பெயராக ஹார்மோன் என்ற சொல்லைப் புழங்கவிட்டார். கிளப்பிவிடுவது என்று பொருள்படும் கிரேக்க வேர்ச்சொல். அதை அவர் சொன்னது ஒரு சொற்பொழிவில். எங்களைப் போன்ற மேடைப் பேச்சாளர்களுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். "எனக்குச் சுகர் இருக்கு", "அவளுக்குத் தைராய்டு இருக்கு" என்று பேசிக்கொள்கிறோம். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை இல்லாவிட்டால் இந்த நாற்காலியில் உட்கார முடியாது. என்ன கெட்டுப்போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. நான் மூன்றே கேள்வி கேட்பேன். அறிவிப்பவர் சரியாக இருக்கிறாரா? கேட்கிற காது சரியாக இருக்கிறதா? அறிவிப்பு சரியான நேரத்தில் வருகிறதா? இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் அடங்கும்.

முதலில் தைராய்டு. கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கும் 20 கிராம் அளவுள்ள சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகத்தில் எரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது அது. குறைந்தால் உடம்பு மந்தமாகும்: குளிர் தாங்காது, மலச்சிக்கல், முடி உதிர்வு, எடை ஏற்றம். கூடினால் படபடப்பு, வியர்வை, எடை இறக்கம், தூக்கமின்மை.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலரும் குழம்புவது ஓரிடத்தில்தான். "டிஎஸ்எச் அதிகமா இருக்குன்னு போட்டிருக்கு. அப்போ தைராய்டு அதிகம்தானே?" இல்லை, நேர் எதிர். அதைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போங்கள். தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. நீர் இறங்கினால் மிதவை இறங்கும், மோட்டாருக்குக் கரண்ட் போகும். நிரம்பினால் கரண்ட் நிற்கும். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரிதான் அந்த மிதவை. அதற்கு மேலிருந்து உத்தரவு போடுவது ஹைப்போதலாமஸ். தைராய்டு, மோட்டார். ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோன், தொட்டித் தண்ணீர். மிதவையிலிருந்து மோட்டாருக்குப் போகும் கரண்ட், பிட்யூட்டரி தைராய்டுக்கு அனுப்பும் டிஎஸ்எச் என்ற ஹார்மோன். மோட்டார் பழுதாகி நீர் ஏறாவிட்டால் மிதவை என்ன செய்யும்? விடாமல் கரண்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே டிஎஸ்எச் ஏறியிருந்தால், பெரும்பாலும் தைராய்டு சோர்ந்திருக்கிறது. டிஎஸ்எச் அடிமட்டத்தில் இருந்தால், தொட்டி வழிகிறது. உடம்பின் பெரும்பாலான ஹார்மோன்கள் இப்படித் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்கின்றன. பின்னூட்டம் என்று புத்தகத்தில் எழுதியிருப்பது இந்த மிதவையைத்தான்.

அறிவிப்பு எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது என்பதும் ஹார்மோனுக்கு ஹார்மோன் மாறும். அட்ரினலின் ஓரிரு நிமிடத்தில் கரைந்துவிடும். இன்சுலினில் பாதி ஐந்தாறு நிமிடத்தில் போய்விடும். தைராய்டு சுரக்கும் தைராக்சினில் பாதி குறைவதற்கே ஒரு வாரம் ஆகும். மாத்திரை அளவை மாற்றிய பத்தாம் நாளே ரத்தம் எடுத்துப் பார்க்காமல், ஆறு வாரம் கழித்து வரச்சொல்வது இதனால்தான். அப்புறம் இன்னொன்று: அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு விழுங்க வேண்டும். கூடவே டிகாஷன் காபியை ஊற்றினால் மருந்து முழுதாக உறிஞ்சப்படாது. அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி காத்திருக்கட்டும். நம் ஊரில் இதுதான் மிகக் கடினமான பத்தியம் என்று எனக்குத் தெரியும்.

இந்த மோட்டாருக்கு ஒரு மூலப்பொருள் வேண்டும்: அயோடின். ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். எழுபது வயது வரைக்கும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் தேறாது. அந்தத் தேக்கரண்டி இல்லாமல் இமயமலையடிவாரத்தில் ஊர் ஊராகக் கழுத்தில் கழலை வந்தது. 1956-இல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவரோடு இருந்தவர்களும் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில வருடங்களில் அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்ததற்கு இந்த வேலை வழி போட்டது.

நமக்கென்ன, கடலோரக்காரர்கள், தூத்துக்குடி உப்பு தின்கிறோம் என்று நினைக்க வேண்டாம். கடல் நீரில் அயோடின் உண்டு. அதைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் சொல்லிக்கொள்ளும்படி தங்குவதில்லை. பாத்தியிலிருந்து வரும் கல் உப்பைத்தான் நம் வீடுகளில் விரும்புகிறோம். 2018-19-இல் நடந்த தேசிய அளவிலான ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் கணக்கில், உப்பு விளையும் தமிழ்நாடு நாட்டின் கடைசி வரிசையில் இருந்தது. கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்வதற்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் வேண்டும். இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்று தைராய்டு வேலை செய்யாமலே பிறக்கிறது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. குதிகாலிலிருந்து எடுக்கும் ஓரிரு சொட்டு ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே படிக்கும். தொடங்காவிட்டால், போன அறிவு திரும்பாது. உங்கள் வீட்டில் பேரனோ பேத்தியோ பிறக்கும்போது, என்ன நட்சத்திரம் என்று கேட்கிற அதே மூச்சில், டிஎஸ்எச் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

இப்போது சர்க்கரை.

ஒரு வளர்ந்த மனிதனின் ரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? சுமார் ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டி! கல்யாணச் சாப்பாட்டில் ஜாங்கிரியும் பாயசமும் சாதமுமாக உள்ளே போனாலும், ஒரு தேக்கரண்டி என்ற கணக்கு பெரிதாகக் கலையாமல் பார்த்துக்கொள்வது கணையம். சர்க்கரை ஏறினால் இன்சுலின், இறங்கினால் குளுக்ககான். ஒன்று சேமிக்கச் சொல்லும், மற்றது எடுத்துச் செலவழிக்கச் சொல்லும்.

ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் போகிறது. சிட்லபாக்கம் ஏரியைப் பாருங்கள். கலங்கல் மட்டம் வரைக்கும் நீர் ஏரிக்குள் நிற்கும். அதைத் தாண்டினால் செம்பாக்கம் பக்கம் ஓடிவிடும். அந்த மாதிரி, 180 என்ற கலங்கலைத் தாண்டிய சர்க்கரை சிறுநீரில் வழிகிறது. கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அடிக்கடி சிறுநீர், அதனால் தாகம். எறும்பு மொய்ப்பதைப் பார்த்து மதுமேகம் என்று பெயர் வைத்த நம் முன்னோர் பார்த்தது கலங்கலில் வழிந்த நீரைத்தான். உங்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. வழிய ஆரம்பிப்பதற்கு வெகு முன்பே ஏரி நிரம்பியிருக்கும். தாகம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தால் வருடங்கள் போய்விடும்.

சர்க்கரை நோயில் முதல் வகை, அறிவிப்பவரே இல்லாத நிலை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வரும். 1921-க்கு முன் இந்த நோய் வந்த குழந்தை சில மாதங்களிலோ ஓரிரு வருடத்திலோ இறந்துபோகும். 1921 கோடையில் கனடாவின் டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாயின் கணையத்திலிருந்து சாறு எடுத்தார்கள். 1922 ஜனவரியில், அதே போல் எடுத்த கணையச் சாற்றை லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்டார்கள். முதல் ஊசி சரிப்படவில்லை. காலிப் என்ற வேதியியலர் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகு போட்டதில் சர்க்கரை இறங்கியது. அந்தப் பையன் இன்னும் 13 வருடம் வாழ்ந்தான்.

நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. அறிவிப்பவர் இருக்கிறார்; காது மந்தமாகிவிட்டது. ஜிஎஸ்டி சாலையில் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் ஹாரன் அடிக்காத வண்டி இல்லை. விளைவு? யாரும் எந்த ஹாரனையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பிறகு இன்னும் பலமாக அடிக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க ஏதாவது கொறித்துக்கொண்டும் உட்கார்ந்துகொண்டும் இருக்கிற உடம்பில், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு ஏறின உடம்பில், இதேதான் நடக்கிறது. தசையும் கல்லீரலும் இன்சுலினைக் காதில் வாங்குவதில்லை. கணையம் இரண்டு பங்கு, மூன்று பங்கு சுரந்து சமாளிக்கிறது. பல வருடம் கத்திக் கத்தி ஒரு நாள் தொண்டை கட்டிக்கொள்கிறது. அன்றைக்குத்தான் பரிசோதனையில் சர்க்கரை என்று வருகிறது. கோளாறு காதில் ஆரம்பித்துக் குரலில் முடிகிறது.

சர்க்கரை நோயைப் பற்றி நாட்டுக்கே கணக்குச் சொன்னது சென்னை. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்தார். பிறகு ராயபுரத்தில் தனி மருத்துவமனையே கட்டினார். அவர் மகன் டாக்டர் மோகன் நிறுவிய ஆராய்ச்சி மையம், நம் பக்கத்துச் சிறுசேரியிலும் இயங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து அவர்கள் எல்லா மாநிலங்களிலும் எடுத்த கணக்கு 2023-இல் வெளிவந்தது: 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில்.

வாசற்படியில் நிற்பவர்கள் திரும்பிப் போகலாம். அதையும் இங்கேதான் நிரூபித்தார்கள். டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் வாசற்படியில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு, சுமார் மூன்று வருடம் பின்தொடர்ந்து, 2006-இல் முடிவைச் சொன்னார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடை, சாப்பாட்டு ஒழுங்கு என்று மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. அதாவது நூறில் 16 பேர், மாத்திரை இல்லாமல், தப்பித்தார்கள்.

நடப்பதில் அப்படி என்ன இருக்கிறது? தசை செல்லுக்குள் சர்க்கரை நுழைய ஒரு கதவு உண்டு. இன்சுலின் சொன்னால் அந்தக் கதவு வெளிப்புறத்துக்கு வந்து திறக்கும். ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சொல்லாமலே அதே கதவு திறந்துகொள்ளும். காது மந்தமானவரைக் கூப்பிடாமல் தோளைத் தட்டி எழுப்புவது போல. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஏரிக்கரையில் இருபது நிமிடம் நடந்தால், கணையத்தின் தொண்டைக்கு அத்தனை ஓய்வு.

காதை வேண்டுமென்றே மந்தமாக்கும் ஒரு காலமும் உண்டு: கர்ப்பம். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பை இன்சுலினுக்கு அரைச்செவிடு ஆக்கிவிடுகின்றன. தாய் எடுத்துக்கொள்ளாமல் விட்ட சர்க்கரை பிள்ளைக்குப் போகட்டும் என்ற ஏற்பாடு. தாயின் கணையம் ஈடுகொடுத்தால் சரி. கொடுக்க முடியாவிட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வா, நாளைக்கு மறுபடி வா என்று ஒரு கர்ப்பிணியைப் பேருந்தில் அலைக்கழிக்க முடியாது என்பதை நன்றாகத் தெரிந்தவர் சென்னையின் டாக்டர் வி. சேஷையா. எப்போது சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடி, இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு ரத்தம், 140-ஐத் தொட்டால் கவனி. இந்த எளிய முறையை அவரும் அவர் குழுவும் நாடெங்கும் பரப்பினார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அந்தத் தித்திப்புத் தண்ணீர் அவர் நினைவாகவே இருக்கட்டும்.

இப்போது உங்களை ஒரு நிலையம் வடக்கே அழைத்துப் போகிறேன்: தாம்பரம் சானடோரியம். ரயில் நிலையத்துக்கே மருத்துவமனையின் பெயர். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து 12 படுக்கையோடு காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. இங்கிலாந்தில் மென்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர் அவர்; கணிதமேதை இராமானுஜன் நோயுற்றுச் சில காலம் இருந்தது அங்கேதான். காசநோய்க்கு மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் அவர் நம்பியது காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு. அதற்காகத்தான் அன்றைக்குக் காடாக இருந்த இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

ஹார்மோன் உரையில் காசநோய் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். மூன்று வழியில் வருகிறது.

ஒன்று, சர்க்கரை. சர்க்கரை நோய் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் 827 காசநோயாளிகளைப் பரிசோதித்தது. நம் தாம்பரம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். நூற்றுக்கு 25 பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 24 பேர் அதன் வாசற்படியில். ஏறக்குறைய பாதி! காசநோய் என்றால் சர்க்கரை பார், சர்க்கரைக்காரருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளி பார். இதை எழுதி ஒட்டிவையுங்கள்.

இரண்டு, அட்ரீனல். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பி, அட்ரினலினோடு கார்ட்டிசாலையும் சுரக்கிறது. கார்ட்டிசால் இல்லாவிட்டால் உடம்பு ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாங்காது. 1855-இல் லண்டனில் தாமஸ் அடிசன் ஒரு விசித்திர நோயை விவரித்தார். நோயாளி மெலிகிறார், எழுந்தால் மயக்கம், தோல் கறுக்கிறது. இறந்த பிறகு திறந்து பார்த்தால் அட்ரீனல் அழிந்து கிடக்கிறது. அழித்தது பெரும்பாலும் காசநோய். கறுப்பது ஏன்? மறுபடியும் மிதவைதான். கார்ட்டிசால் இல்லாததால் பிட்யூட்டரி விடாமல் கத்துகிறது. அந்தக் கத்தல் தோலின் நிறமி செல்களின் காதிலும் விழுந்துவிடுகிறது. நம் மாநிறத்தில் இது எளிதில் கண்ணில் படாது. ஈறிலும் உள்ளங்கை ரேகையிலும் புதிதாகக் கறுப்பு ஏறினால், உப்புக்கு ஏங்கினால், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்த எச்சரிக்கை ஒன்று. மூட்டு வலிக்கு, மூச்சிரைப்புக்கு என்று மாத்திரையாகவும், சில வேளை எடை கூடுவதற்கென்று பெயரில்லாத பொடியாகவும், ஸ்டீராய்டை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் உண்டு. அது வெளியிலிருந்து ஊற்றும் கார்ட்டிசால். லாரித் தண்ணீரை நேராக மாடித் தொட்டிக்கு ஏற்றினால் மிதவை மேலேயே நிற்கும், மோட்டார் ஓடாது. ஆறு மாதம் ஓடாத மோட்டார் பிடித்துக்கொள்ளும். திடீரென்று லாரியை நிறுத்தினால் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து; குறை சொல்லவில்லை. மருத்துவர் சொல்லாமல் தொடங்காதீர்கள். தொடங்கியதை, அவர் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்.

மூன்று, வெயில். வைட்டமின் டி என்று நாம் சொல்வது பிறப்பால் ஒரு ஹார்மோன். தோல் வெயிலில் தயாரிக்க, கல்லீரல் ஒரு கை பார்க்க, சிறுநீரகம் முடித்துக்கொடுக்க, எலும்புக்குக் கால்சியம் சேர்க்கும். காசநோய்க் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களுக்கும் இதைக் கேட்கும் காது உண்டு என்பதை 2006-இல் வந்த ஆய்வு காட்டியது. சவுரிமுத்துவின் வெயில் வைத்தியத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது என்று மகிழலாம். ஆனால் வைட்டமின் டி கொடுத்துக் காசநோயைக் குணப்படுத்த முடியவில்லை என்பதையும் பின்வந்த சோதனைகள் காட்டின. காசநோய்க்கு மாத்திரைதான். எலும்புக்கு வெயில். அதுவும் காலை ஆறு மணி இளவெயிலில் அதற்கு வேண்டிய கதிர் அநேகமாக இல்லை. வெயில் ஏறின பிறகு, பத்து மணிக்கு மேல், கையும் முகமும் படக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

கடைசியாக, நேரம். கார்ட்டிசால் விடிவதற்கு முன் ஏற ஆரம்பித்து, விழிக்கிற வேளையில் உச்சிக்கு வரும்; நடுராத்திரியில் தரை தட்டும். மெலடோனின் இருட்டினால் ஏறும், வெளிச்சம் பட்டால் இறங்கும். பகலில் உழைத்து ராத்திரி உறங்கும் உயிருக்குப் போட்ட கால அட்டவணை இது. நம் பகுதியில் அந்த அட்டவணை கலைந்து வெகுகாலம் ஆயிற்று. சானடோரியத்தில் 1984-இல் வந்த ஏற்றுமதி வளாகம், பழைய மகாபலிபுரம் சாலையின் கம்ப்யூட்டர் கம்பெனிகள், விமான நிலையம் என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகள் இராப்பணி பார்க்கிறார்கள்! ராத்திரி இரண்டு மணிக்குப் பரோட்டா உள்ளே போகிறது. தூங்க வேண்டிய கணையம் அரைத்தூக்கத்தில் எழுந்து வருகிறது. அதே பரோட்டா பகலில் ஏற்றுவதைவிட அதிகச் சர்க்கரையை ஏற்றுகிறது. வேலையை விடு என்று நான் சொல்ல மாட்டேன். கடன் எனக்கும் தெரியும். பணிக்குக் கிளம்பும் முன் ஒழுங்காகச் சாப்பிடட்டும், நடுராத்திரியில் அளவாக வைத்துக்கொள்ளட்டும். காலையில் வந்து படுக்கும்போது ஜன்னலுக்குக் கெட்டித்திரை போட்டு, வீட்டார் மிக்சியைக் கொஞ்சம் ஒத்திப்போடட்டும்.

என் பேச்சு முடிந்தது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

(பலரும் கேட்டார்கள். ஓர் அம்மா கேட்டதையும் அதற்குச் சொன்ன பதிலையும் மட்டும் இங்கே தருகிறோம்.)

"ஐயா, எனக்குப் பதினொரு வருஷமா தைராய்டு மாத்திரை. சாகிற வரைக்கும் சாப்பிடணும்னு சொல்றாங்க. இப்படி மருந்துக்கு அடிமையாயிட்டோமேன்னு இருக்கு. கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாமா?"

விட வேண்டாம் அம்மா. போதைப்பொருளுக்கு அடிமையாவது வேறு, இது வேறு. உங்கள் உடம்பு செய்ய வேண்டிய அதே ஹார்மோனைத்தான், அதே வடிவத்தில், மாத்திரையாக விழுங்குகிறீர்கள். உங்கள் செல்களுக்கு அது உள்ளிருந்து வந்ததா, பாட்டிலிலிருந்து வந்ததா என்று தெரியாது. ஸ்டீராய்டு விஷயத்தில் லாரித் தண்ணீர் நல்ல மோட்டாரைக் கெடுத்தது. உங்கள் வீட்டு மோட்டார் முன்பே போய்விட்டது. ஏப்ரல், மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்காத தெரு இந்தப் பகுதியில் உண்டா? அதற்காக யாராவது வெட்கப்பட்டோமா? வருடத்துக்கு ஒரு முறை டிஎஸ்எச் பாருங்கள், அளவு சரியா என்று மருத்துவரைக் கேளுங்கள். மற்றபடி காலையில் எழுந்ததும் ஒரு மாத்திரை, அரை டம்ளர் தண்ணீர். காபி அப்புறம்.